வெறுங்கையோட போன எக்ஸ்சேஞ்ச்

முன்னாடியே சொல்லிடறேன். நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். பத்தாவது வரைக்கும் தமிழ் செகண்ட் லாங்குவேஜ், அதுவும் கோனார் உரை புண்ணியத்துல பாஸ். இந்த இதழுக்கு இதுவரைக்கும் நான் எழுதினதில்ல, ஃபார்வர்ட் மட்டும்தான் பண்ணியிருக்கேன். அதனால ஒற்றுப்பிழைகளை எடிட்டர் பார்த்துக்குவார், நீங்க விஷயத்தைப் பாருங்க.

போன வருஷம் அக்டோபர்ல ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சுக்காக ஜெர்மனி போனேன். ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்துல ஒரு ஊர். திரும்பி வந்ததுல இருந்து ஜூனியர்ஸ் எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க: "அண்ணா, எப்டி இருந்துச்சு?" நானும் "செமயா இருந்துச்சுடா"னு சொல்லிட்டு நகர்ந்துடுவேன். அது பொய் இல்ல. ஆனா பதிலும் இல்ல. இப்போ அடுத்த பேட்ச் செலக்‌ஷன் ஆரம்பிக்கப் போகுது. அதனால ஒழுங்கா ஒரு தடவை சொல்லிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். ஆறு மாசத்தையும் இல்ல, முதல் மாசத்தை மட்டும். மிச்ச அஞ்சு மாசம் அந்த ஒரு மாசத்தைப் புரிஞ்சுக்கவே சரியாப் போச்சு.

முதல்ல காசு. யாரும் ரீல்ஸ்ல இதைப் போட மாட்டாங்க.

எக்ஸ்சேஞ்ச்னா அங்க டியூஷன் ஃபீஸ் கிடையாது, இங்க கட்டறதுதான். அதைக் கேட்டுட்டு நானும் "ஃப்ரீதாம்மா"னு வீட்ல சொல்லிட்டேன். அப்புறம்தான் பிளாக்டு அக்கவுன்ட்னு ஒண்ணு வந்துச்சு. ஜெர்மன் விசாவுக்கு, அங்க இருக்கப்போற மாசங்களுக்கான செலவுப் பணத்தை முன்கூட்டியே ஒரு கணக்குல போட்டு முடக்கிக் காட்டணும். 2024 செப்டம்பர்ல இருந்து மாசத்துக்கு 992 யூரோ. ஆறு மாசத்துக்கு 5,952. அப்போ ஒரு யூரோ தொண்ணூறு ரூபாய்க்கு மேல. பெருக்கிப் பார்த்துக்கோங்க, அஞ்சு லட்சத்தைத் தாண்டுது. ஒரு மாசக் கணக்குன்னு பார்த்தாலே அது எங்க அம்மாவோட ஏழு மாசச் சம்பளம்.

அம்மா நகை அடகுக்கடைக்குப் போச்சு. மீதியை மாமா கொடுத்தார். இந்தக் கதையை ஏன் சொல்றேன்னா, நம்ம காலேஜ்ல செலக்‌ஷன் சிஜிபிஏ வச்சுதான் நடக்குதுன்னு எல்லாரும் நினைக்கிறோம். லிஸ்ட்ல என் பேருக்கு மேல ரெண்டு பேர் இருந்தாங்க. ரெண்டு பேருமே போகல. ஒருத்தன் கிரேடு என்னைவிட முக்கால் பாயின்ட் அதிகம். அவன் "எனக்கு இன்ட்ரஸ்ட் இல்ல மச்சி"னுதான் சொன்னான். இன்ட்ரஸ்ட் இல்லாதவன் எதுக்குடா ஜெர்மன் ஏ1 முடிச்சான்?

சரி, அங்க போவோம்.

சனிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினேன். மறுநாள் ஞாயிறு. அந்த நாட்டுல ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் மூடிடுவாங்கன்னு எனக்கு எந்த சீனியரும் சொல்லல. ஏர்போர்ட்லயும் பெரிய ரயில்வே ஸ்டேஷன்லயும் மட்டும் திறந்திருக்கும், அதுவும் அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னைக்கு முழுக்க அம்மா கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சலை ஸ்பூன்ல எடுத்து பிரெட்ல தடவிச் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.

முதல் ரெண்டு வாரம் பூராவும் பேப்பர் வேலை. ஊர் ஆபீஸ்ல போய் "நான் இந்த அட்ரஸ்ல இருக்கேன்"னு பதிவு பண்ணணும், ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுக்கணும். டிவி, ரேடியோவுக்குன்னு ஒரு வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ கட்டணும். எங்க வீட்ல டிவியே கிடையாதுன்னு சொன்னா, இருந்தாலும் இல்லாட்டியும் கட்டணும்னு பதில். நாலு பேர் பங்கு போட்டுக்கிட்டோம். பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா 25 சென்ட் வரும். நான் காலி பாட்டில் சேர்த்து வச்சு அரிசி வாங்கியிருக்கேன், வெக்கமே இல்ல. ஸ்டூடன்ட் டிக்கெட் 2024-ல மாசம் 29.40 யூரோவா இருந்துச்சு, அதை வச்சு நாடு முழுக்க சாதாரண ரயில்ல சுத்தலாம். எனக்கு அங்க ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுதான். கோட்டை, சர்ச் எல்லாம் அப்புறம்.

ரூம், இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து நான் மாசம் அறுநூறு, அறுநூத்தி இருபதுக்குள்ள முடிச்சுக்கிட்டேன். கேன்டீன்ல சாப்பிடறதைக் குறைச்சு ரூம்லயே சமைச்சேன். கணக்குல மிச்சமானது திரும்பி வந்ததும் நேரா அடகுக்கடைக்குத்தான் போச்சு. வளையல் வந்துடுச்சு, செயின் இன்னும் வரல.

மூணாவது வாரம் ஒரு ஷூ கடைக்குள்ள போனேன். வாங்க இல்ல, வெளியில மழை. பிரவுன் கலர் லெதர் ஷூ ஒண்ணை எடுத்துத் திருப்பினேன். உள்பக்கம் சின்னதா மேட் இன் இந்தியா. விலை 129 யூரோ.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். இந்த நாலு வருஷத்துல காலேஜ்ல யார்கிட்டயும் நான் இதைச் சொன்னதில்ல. எந்த ஊர்னு கேட்டா "வேலூர்"னு சொல்லுவேன். எனக்கு வேலூர் இல்ல, ஆம்பூர் பக்கம். மாவட்டமே இப்போ திருப்பத்தூர். ஃபர்ஸ்ட் இயர்ல பெங்களூர் ட்ரிப் போனப்போ, பஸ் ஆம்பூரைத் தாண்டறப்ப எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. "எப்டிடா இங்கல்லாம் மனுஷன் இருப்பான்?"னு ஒருத்தன் கேட்டான். நானும் மூக்கைப் பொத்திக்கிட்டேன். அந்த நிமிஷத்துல எங்க அம்மா அங்கதான், ரோட்டுல இருந்து அரை கிலோமீட்டர்ல, ஷூ கம்பெனி ஸ்டிச்சிங் லைன்ல உட்கார்ந்து அப்பர் தைச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் சின்னப் பையனா இருந்தப்போ வீட்டுக்கே எடுத்துட்டு வந்து ஜோடிக் கணக்குல கைத்தையல் போடுவாங்க, அப்புறம் கம்பெனி வேன்ல போக ஆரம்பிச்சாங்க. என் இங்கிலீஷ் மீடியம் ஃபீஸ் அந்த ஊசியில இருந்துதான் வந்துச்சு.

அந்த ஷூவை போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்துல கால். "என்னடா இது, பக்கவாட்டுல தையல் நேரா இல்லியே. எங்க லைன்ல இதை ரிஜெக்ட் பண்ணிடுவாங்க." எனக்குச் சிரிப்பு தாங்கல. அப்புறம் விலையைச் சொன்னேன். அம்மா மனசுக்குள்ள பெருக்கிப் பார்த்திருப்பாங்க போல, கொஞ்ச நேரம் பேசல. "சாப்டியா?"னு கேட்டுட்டு வச்சுட்டாங்க. விலையைச் சொல்லாம இருந்திருக்கலாம்.

ஃபிராங்க்ஃபர்ட்டை ஒட்டி ஆஃபன்பாக்னு ஒரு ஊர். அங்க தோலுக்குன்னே ஒரு மியூசியம், 1917-ல ஆரம்பிச்சது. அந்த ஊரே ஒரு காலத்துல தோல் பை, பர்ஸ் வேலைக்குப் பேர் போனது. தெற்கே பிர்மாசென்ஸ்னு இன்னொரு ஊர், அது ஷூவுக்கு. ரெண்டு ஊர்லயும் இப்போ அந்தத் தொழில் பேருக்குத்தான் மிச்சம். வேலையெல்லாம் எங்க போச்சு? கூலி குறைவா இருந்த நாடுகளுக்கு. 1970-கள்ல இந்திய அரசு பச்சைத் தோலாவும் அரைப் பதத்துலயும் ஏற்றுமதி பண்றதைத் தடுத்து, முழுசா முடிச்ச தோலாவும் செருப்பு, ஷூவாவும் அனுப்பச் சொன்னதும், அந்த வேலை பாலாத்துக் கரைக்கும் வந்து சேர்ந்துச்சு. வேலை வந்தப்ப அதோட கழிவும் வந்துச்சு. மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த காலணிகளைப் பார்த்துக்கிட்டே ஒரு மணி நேரம் நின்னேன். நல்ல மியூசியம். நாத்தமே இல்ல.

அக்டோபர் கடைசி ஞாயிறு, 27-ம் தேதி, அந்த ஊர்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளினாங்க. அதுவரைக்கும் வீட்டுக்கும் எனக்கும் மூணரை மணி நேர வித்தியாசம், அன்னையில இருந்து நாலரை. சின்ன விஷயம்தான். ஆனா அம்மா ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பேசற நேரத்துல எனக்கு கிளாஸ் வந்துடுச்சு.

அந்த வியாழக்கிழமை, 31-ம் தேதி, தீபாவளி. ராத்திரி பன்னெண்டு மணிக்கு போன். அங்க காலைல நாலரை, எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க எழுந்திருக்காங்க. பின்னாடி வெடிச் சத்தம். பேசிட்டுத் தூங்கி, காலைல தொழிற்சாலைக் கழிவுநீர் செமினாருக்குப் போனேன். நான் கெமிக்கல் இன்ஜினியரிங், அது இங்கிலீஷ்ல நடக்கிற பாடம், பதினஞ்சு பேர்தான்.

அன்னைக்கு ரைன் நதி. நாளையோட 38 வருஷம்னு புரொஃபசர் ஆரம்பிச்சார். 1986 நவம்பர் 1, சுவிட்சர்லாந்துல பாசல் பக்கத்துல சான்டோஸ் கம்பெனியோட கெமிக்கல் குடோன்ல தீ. தீயை அணைக்க அடிச்ச தண்ணி, பூச்சிமருந்தோட சேர்ந்து ரைன்ல கலந்து, ஆறு சிவப்பா ஓடி, நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு விலாங்கு மீன் செத்து மிதந்துச்சு. அதுக்கு முன்னாடியே ஐரோப்பாவோட சாக்கடைன்னுதான் அந்த ஆத்துக்குப் பேர். அடுத்த வருஷமே ரைன் கரை நாடுகள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டாங்க, 2000-க்குள்ள சால்மன் மீன் திரும்பி வரணும்னு இலக்கு வச்சாங்க. எத்தனை மில்லிகிராம் பர் லிட்டர்னு வைக்காம மீன் வரணும்னு வச்சாங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருந்தது. சால்மனும் வர ஆரம்பிச்சுது. நானே பாசல் போனப்போ ஊர் நடுவுல ரைன் ஓடறதைப் பார்த்தேன், வெயில் காலத்துல ஜனங்க அதுல நீந்துவாங்களாம்.

எல்லாம் முடிஞ்சதும் புரொஃபசர் என்னைப் பார்த்தார். "நீங்க வேலூர்ல இருந்துதானே? வேலூர் கேஸைப் பத்தி ரெண்டு நிமிஷம் சொல்லுங்களேன்."

எனக்கு ஒண்ணும் தெரியல.

பக்கத்துல உட்கார்ந்திருந்த நெதர்லாந்துப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அவ சுற்றுச்சூழல் சட்டம் ஒரு பேப்பர் எடுத்திருக்கா. மாசுபடுத்தினவனே செலவை ஏத்துக்கணும், ஆபத்து வர்றதுக்கு முன்னாடியே தடுக்கணும்னு ரெண்டு கொள்கைகளை இந்தியச் சட்டத்தோட ஒரு பாகம்னு உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு அதுன்னு அவதான் சொன்னா. என் வீட்ல இருந்து நடக்கிற தூரத்துல இருக்கிற ஆத்தைப் பத்தி. நான் "இப்போ அந்த ஆத்துல தண்ணியே இல்ல"னு சொன்னேன். ஜோக்குன்னு நினைச்சு ரெண்டு பேர் சிரிச்சாங்க.

அன்னைக்கு ராத்திரி ரூம்ல உட்கார்ந்து தீர்ப்பைப் படிச்சேன். தீபாவளி ஸ்வீட்டுக்கு பதிலா அதுதான். 1991-ல வேலூர் குடிமக்கள் நல அமைப்பு போட்ட பொதுநல வழக்கு, 1996 ஆகஸ்ட் 28-ல தீர்ப்பு. ஒரு கிலோ தோலை முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணி, குரோம் பதனிடறதுல சுமார் 170 வகை ரசாயனம், தோல் பகுதியில 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாம போச்சுன்னு அதுல பதிவாகியிருக்கு. ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். நான் திரும்பி வர்றதுக்குள்ள, 2025 ஜனவரி 30-ல, உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு பத்தி ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு: பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு, ஆத்தைச் சரி பண்ண ஒரு கமிட்டி. முதல் தீர்ப்பு வந்தப்போ நான் பொறக்கவே இல்ல. இப்போ எனக்கு 21.

இன்னும் தோண்டினேன். பாட்டி சொல்லிக் கேட்டிருக்கேன், முன்னாடியெல்லாம் ஆவாரம்பட்டை போட்டுத்தான் தோல் ஊறவைப்பாங்கன்னு. குரோமியம் வந்த பிறகு பல நாள் வேலை சட்டுன்னு முடிஞ்சுது, ஆனா போடற குரோமியம் எல்லாம் தோல்ல ஏறாது, மிச்சம் தண்ணியில போகும். நான் பிரச்சனை குரோமியம் மட்டும்தான்னு நினைச்சிருந்தேன். உப்புதான் இன்னும் பெரிய தலைவலி. பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்பு போட்டு அனுப்புவாங்க. அதைக் கழுவறப்போ அத்தனையும் தண்ணிக்குப் போகுது, அதைப் பிரிக்கறது சுலபம் இல்ல. இப்போ பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்ல ஆர்.ஓ., எவாப்பரேட்டர் எல்லாம் வச்சு ஒரு சொட்டுகூட வெளிய விடக்கூடாதுன்னு விதி. தண்ணியை எடுத்துடலாம். கடைசியில நிக்கிற கலப்பு உப்பை யார் வாங்குவாங்க? மூட்டை மூட்டையாக் குவியுது. நம்ம டிபார்ட்மென்ட்ல மூணு வருஷம் மாஸ் டிரான்ஸ்ஃபர், செபரேஷன் புராசஸ் படிச்சோமே, இதைவிட நல்ல பிராப்ளம் இருக்கா? ஃபைனல் இயர் பிராஜெக்ட் லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க. ஸ்மார்ட் டஸ்ட்பின் நாலு இருக்கும்.

கூட நினைவுக்கு வந்தது 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட்ல கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, தூங்கிக்கிட்டு இருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்துப் போனாங்க. நான் அப்போ அஞ்சாவதோ ஆறாவதோ. அம்மா அன்னைக்குச் சாப்பிடல, அது மட்டும்தான் ஞாபகம்.

இப்போ என் கருத்து. எக்ஸ்சேஞ்ச்னா பரிமாற்றம். நாம கொடுக்கிறது என்ன? நம்ம பசங்க வெறுங்கையோட போறோம். இங்கிலீஷ் நல்லா பேசறோம், கோடிங் தெரியும், ரெண்டு பாட்டுக்கு டான்ஸ் ஆடுவோம். நம்ம ஊரைப் பத்தி நம்ம கேட்டுல இருந்து அம்பது கிலோமீட்டருக்குள்ள நடக்கிறதைச் சொல்லச் சொன்னா வாய் வராது. அங்க இருந்து இங்க வர்ற பசங்களை நாம என்ன பண்றோம்? ஸ்ரீபுரம் தங்கக் கோயில், வேலூர் கோட்டை, ஆம்பூர்ல பிரியாணி, கத்திரிக்கா தொக்கு. பிரியாணிக்காக ஆம்பூர் வரைக்கும் கூட்டிட்டுப் போறோம், சாப்பிட்டதும் திரும்பிடறோம். கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு.

"வெளிநாட்டுக்காரன்கிட்ட நம்ம அழுக்கைக் காட்டணுமா?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். அவங்க அவங்க அழுக்கை எனக்குக் காட்டினாங்களே, முதல் மாசமே, பாடமா. அதனாலதான் எனக்கு அவங்க மேல மரியாதை வந்துச்சு. அதோட, நாம காட்டப்போற அழுக்குல பாதி அவங்க கால்ல போட்டிருக்கிற ஷூவோடது.

டேனரியை மூடுங்கன்னு நான் சொல்லல. மூடினா முதல்ல வீட்டுக்கு வர்றது எங்க அம்மாதான். ஆறும் வேணும், வேலையும் வேணும்னு சொல்ற இன்ஜினியர் வேணும். அவன் காட்பாடியில இருந்து வராம வேற எங்கிருந்து வருவான்?

இன்னொரு சம்பவம், அப்புறம் முடிச்சிடறேன். தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை, ஃபிராங்க்ஃபர்ட்ல ஒரு ஈழத்தமிழர் கடையில முருங்கைக்காய் வாங்கப் போனேன். கடைக்காரர், "தம்பி இந்தியாவோ? எந்த இடம்?"னு கேட்டார். வழக்கம்போல வேலூர்னு சொல்ல வாயெடுத்தேன், அப்புறம் "ஆம்பூர் அண்ணா, வேலூருக்குப் பக்கத்துல"னு சொன்னேன். வெளியில சொன்ன முதல் தடவை. "வேலூர் தெரியும். சிஎம்சியிலதான் என்ர மாமா காட்டினவர். நீர் படிக்க வந்தனீரோ? எக்ஸ்சேஞ்சோ?" சிரிச்சார். "நான் எண்பத்தஞ்சில வந்தனான். என்னை ஒருத்தரும் எக்ஸ்சேஞ்ச் எண்டு கூப்பிடேல்லை." கல்லாவுக்குப் பக்கத்துல அவர் மக, எட்டு வயசு இருக்கும், சனிக்கிழமைத் தமிழ் ஸ்கூல் புத்தகத்தை விரல் வச்சுப் படிச்சுக்கிட்டு இருந்தா. ஒரு பக்கத்தை என்கிட்ட நீட்டினா. நான் திக்கித் திக்கிப் படிச்சேன். அவ ரெண்டு இடத்துல திருத்தினா. நான் இந்தக் கட்டுரையைத் தமிழ்ல எழுதறதுக்கு அவளும் ஒரு காரணம்.

காலேஜுக்கு ரெண்டு வேண்டுகோள். ஒண்ணு, பிளாக்டு அக்கவுன்ட் பணத்துக்கு அலும்னி சேர்ந்து ஒரு சுழல் நிதி ஆரம்பிக்கலாம். அந்த அஞ்சு லட்சம் முழுசும் செலவு இல்ல, பெரும்பாலும் முன்கூட்டிக் காட்டறதுக்கான முடக்கம். சிக்கனமா இருந்தா மூணுல ஒரு பங்குக்கு மேல ஏழாவது மாசமே திரும்பிடும், மீதியை வேலை கிடைச்சதும் கட்டலாம். என் கிரேடுக்கு மேல இருந்த அந்த ரெண்டு பேர் போயிருப்பாங்க. ரெண்டு, போறவங்களுக்கு விசா ஓரியன்டேஷன் நடத்தற மாதிரி ஊர் ஓரியன்டேஷன் ஒரு நாள் நடத்துங்க. ஒரு சுத்திகரிப்பு நிலையம், ஒரு ஷூ கம்பெனி, பாலாத்து மணல்ல ஒரு நடை. பஸ்ஸுக்கு ஆகற செலவுதான்.

இது நடக்கிற வரைக்கும் நானே ஆரம்பிச்சிருக்கேன். இந்த செமஸ்டர் வந்திருக்கிற வெளிநாட்டு மாணவர்கள் ரெண்டு பேர் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. சனிக்கிழமைன்னா அம்மாவுக்கு கம்பெனி இருக்கு, அதனால ஞாயித்துக்கிழமை. பிரியாணி கடையில இல்ல, எங்க வீட்ல. காலைல ஏழு மணிக்கு மெயின் கேட்ல இருந்து கிளம்பறோம். ஜூனியர்ஸ் யாராவது வர்றதா இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, அம்மா அரிசி ஊறவைக்கணும்.